எப்பவும் டயர்டா இருக்கா? யோகா வகுப்புக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை

காலை ஓஎம்ஆரில் வரும் கம்பெனி பஸ், சிறுசேரி சிப்காட் வளாகத்துக்குள் நுழையும்போது பாதிப் பேர் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கும். மதியம் கண் செருகும். கேட்டால், "ஒர்க் பிரஷர்பா, சரியா தூங்கலை" என்பதுதான் பதில்.

அது உண்மையாக இருக்கலாம். ஆனால், ரத்தசோகையாகவும் இருக்கலாம்.

எத்தனை பேருக்கு?

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் இது 55 சதவீதம். அதாவது, இரண்டில் ஒருவர். நிலைமை பெரிதாக மாறவே இல்லை.

"நல்லாதானே சாப்பிடுறோம், எப்படி வரும்?"

மாதவிடாயில் ரத்தத்தோடு இரும்புச்சத்தும் போகிறது. ஏழு நாளுக்கு மேல் போக்கு, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்றும் நிலை, பெரிய கட்டிகள்... இவையெல்லாம் 'சில பேருக்கு அப்படித்தான்' என்று விட வேண்டியவை அல்ல. மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை. சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ, காபியும் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும்.

என்ன டெஸ்ட்?

முதலில் சிபிசி எனப்படும் முழு ரத்த அணுப் பரிசோதனை. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 12-க்கு மேல் இருந்தும் களைப்பு போகவில்லையா? ஃபெரிட்டின் பரிசோதனை வேண்டுமா என மருத்துவரிடம் கேளுங்கள். உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது அதுதான். ஹீமோகுளோபின் இறங்குவதற்கு முன்பே இந்த இருப்பு கரையத் தொடங்கிவிடும்.

ஹீமோகுளோபின் அளவை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே பார்க்கலாம். ரிசல்ட்டைப் பார்த்து நீங்களாகவே மாத்திரை வாங்காதீர்கள். பி12 குறைபாடு, தலசீமியா என வேறு காரணங்களும் உண்டு. மருத்துவர் இரும்பு மாத்திரை கொடுத்தால், தெம்பு வந்ததும் பாதியில் நிறுத்தவும் வேண்டாம். இருப்பு நிரம்ப மாதங்கள் ஆகும்.

வெல்னெஸ் என்பது எது?

மார்ச் 8 வந்தால் ரோஜாப்பூ, யோகா வகுப்பு, 'செல்ஃப் கேர்' பேச்சு. தப்பில்லை. ஆனால், உடம்பில் இரும்புச்சத்தே இல்லாதவரிடம் "உங்களைக் கவனிச்சுக்கோங்க" என்று மட்டும் சொன்னால், ஏற்கெனவே களைத்தவர் தலையில் இன்னொரு வேலையை ஏற்றுவதாகத்தான் முடியும்.

நிறுவனங்கள் செய்ய வேண்டியது எளிது. ஆண்டுப் பரிசோதனையில் சிபிசி கட்டாயம் இருக்கட்டும். தேவைப்படுவோருக்கு ஃபெரிட்டினும் சேரட்டும். மருத்துவரைப் பார்க்க அரைநாள் விடுப்பு, காரணம் கேட்காமல் கிடைக்கட்டும். இது ஐடி கார்டு போட்ட இன்ஜினீயருக்கு மட்டுமல்ல. அதே மாடியைக் காலையில் துடைக்கும் ஒப்பந்தப் பணியாளர் அக்காவுக்கும் கிடைக்க வேண்டும். அவருக்கும் மூச்சு வாங்குகிறது. அவரிடம் யாரும் கேட்பதுகூட இல்லை.

களைப்பு சோம்பேறித்தனம் அல்ல. பெண்ணாய்ப் பிறந்ததற்கான வரியும் அல்ல. இந்த வாரமே ஒரு டெஸ்ட் எடுங்கள். பக்கத்து சீட் தோழியையும் கூட்டிட்டுப் போங்க.