கிராணியிடம் சொல்லும் ரகசியம்

நெகிரி செம்பிலான் தோட்டத்து வீட்டிலிருந்தோ, ஒட்டுக்கடை வைஃபையிலோ அலுவலக வேலை பார்க்கிறீர்களா? நிறுவனம் ‘பிராக்சி’ வழியாகத்தான் இணையத்துக்குள் விடுகிறதா? பிராக்சி என்பது அந்தக் காலத் தோட்டக் கிராணி மாதிரி. உங்கள் கடிதம் அவர் கைமாறித்தான் வெளியே போகும். கடிதம் ஒட்டியே இருக்கும். ஆனால் அது யாருக்கு என்பதையும், பல இடங்களில் உங்கள் கடவுச்சொல்லையும், அவரிடம் உரக்கச் சொல்ல வேண்டும். அதே வைஃபையில் இருப்பவர் ஒட்டுக்கேட்கலாம்.

சுவீடனின் டேனியல் ஸ்டென்பெர்க் உருவாக்கிய, கோப்புகளை அனுப்பவும் இறக்கவும் உதவும் ‘கர்ல்’ கருவி, 2016 டிசம்பரில் வந்த 7.52.0 பதிப்பில் அந்தப் பேச்சையும் மறையாக்கியது. பிராக்சி முகவரியை ‘எச்டிடிபிஎஸ்’ என்று தொடங்கினால் போதும். பிராக்சியும் அதை ஏற்க வேண்டும். ஐடி பிரிவில் கேளுங்கள். நீங்கள் போகும் தளம் எது என்பது கிராணிக்கு மட்டும் தெரியத்தான் செய்யும்.