அட்வான்ஸ் கொடுத்தாச்சு, புயலும் வந்தாச்சு

கடைசி பேப்பர் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரியே வண்டி ஏறணும். நம்ம காலேஜ் டூர் எல்லாத்துக்கும் இதுதான் முதல் விதி. எந்த இடம்னு ரீல்ஸ் முடிவு பண்ணும், எந்தத் தேதின்னு தேர்வு அட்டவணை முடிவு பண்ணும். வங்காள விரிகுடாவை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

அமெரிக்காவில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம் என்று காலண்டரிலேயே குறித்து வைத்திருக்கிறார்கள். நமக்கும் அப்படி ஒன்று இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதாவது செமஸ்டர் தேர்வும், அதற்குப் பிறகு வரும் லீவும், நியூ இயருக்குப் பாண்டிச்சேரி போகிற கூட்டமும் சேர்ந்து விழுகிற அதே மாதங்கள். 2011-இல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது டிசம்பர் 30 காலையில். நியூ இயருக்கு ரெண்டு நாள் முன்னாடி!

மழைக்குப் பயந்து மூணு மாசம் ஹாஸ்டல்லயே கிடங்கன்னு சொல்ல வரலை. போங்க. ஆனா "புயல் வந்தா பாத்துக்கலாம் மச்சி" என்பதை ஒரு பிளான் என்று சொல்லாதீங்க.

முதல்ல இந்தப் "புயல்" என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. காற்றின் வேகம் மணிக்கு 62 கி.மீ. தொட்டால்தான் வானிலை மையம் அதைப் புயல் என்று அறிவித்துப் பெயர் வைக்கும். அதற்குக் கீழே காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம். பெயர் வராதவரை வாட்ஸ்அப் குரூப்பில் யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில் காற்று 58 கி.மீ. தாண்டினாலே ரயிலை நிறுத்திவந்தார்கள். புயலுக்குப் பெயர் வைக்கும் முன்பே ராமேஸ்வரம் டூர்கள் மண்டபத்தில் நின்றுபோயின.

பெயரே இல்லாத மழை இன்னும் மோசம். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. சென்னையில் சில வருஷங்களில் வடகிழக்குப் பருவமழை மொத்தமும் சேர்ந்தே அவ்வளவு வராது. அன்றைக்கு அங்கே எந்தப் புயலும் இல்லை, குமரிக்கடல் பக்கம் ஒரு வளிமண்டலச் சுழற்சி மட்டும்தான். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கியது, சுமார் 800 பயணிகளோடு. ஹெலிகாப்டரில் சாப்பாடு போட்டார்கள். அந்த ரயிலில் ஏறியவர்களில் எத்தனை பேர் புயல் செய்தி பார்த்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை. பார்த்திருக்க வேண்டியது மாவட்ட வாரியான மழை எச்சரிக்கையை. ஆரஞ்சு அலர்ட் என்றால் தயாராக இரு, ரெட் அலர்ட் என்றால் நடவடிக்கை எடு என்று அர்த்தம். 24 மணி நேரத்தில் 20 செ.மீ. தாண்டும் என்று எதிர்பார்த்தால்தான் பொதுவாக ரெட் வரும். நாம அதை "நாளைக்கு லீவா?" என்று கேட்பதற்கு மட்டும் பயன்படுத்துகிறோம்.

அடுத்தது, "நாங்க கடற்கரைக்கே போகலயே" என்கிற சமாதானம். 2024 ஃபெஞ்சல் புயலை எடுத்துக்குங்க. நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்துவிட்டுப் போயிருந்தால் பரவாயில்லை, பல மணி நேரம் அதே இடத்தில் நகராமல் நின்றது. மறுநாள் திருவண்ணாமலையில் மண்சரிவில் 7 பேர் இறந்தார்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை. ஊத்தங்கரைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? டிசம்பர் 2-ஆம் தேதி விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் இடையே பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் தெற்கே போகும் ரயில்கள் நின்றன. மதுரையில் வெயில் அடித்தாலும் சென்னைக்குத் திரும்பி வர வழி இல்லை. டூர் பிளான் பண்ணும்போது போகிற ஊரின் வானிலையை மட்டும் பார்க்கிறோம். வழியில் இருக்கிற ஆறுகளை யார் பார்க்கிறார்கள்?

மலைக்குப் போனாலும் தப்ப முடியாது. 2018-இல் கஜா வேதாரண்யம் பக்கம் கரை கடந்த அதே நாளில் கொடைக்கானலில் மரங்கள் சாய்ந்து சாலை அடைபட்டது. 2009 நவம்பரில் நீலகிரி மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டிசம்பர் மூடுபனி வீடியோவுக்கு அழகுதான். ஆனால் ஒரு வாரம் மழை குடித்த மண், மழை விட்ட பிறகும் சரியும். "இப்போ வெயில் அடிக்குதுடா" என்பது மலைப்பாதையில் ஆதாரமே இல்லை.

இதெல்லாம் நமக்குத் தெரியாதா? சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்களுக்கு என்னைவிட நல்லாவே தெரியும். தெரிந்தும் ஏன் போகிறோம் என்பதுதான் கேள்வி. என் கணிப்பில் காரணம் தைரியம் இல்லை, அட்வான்ஸ். ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு கொடுத்து, பாதி ஹோம்ஸ்டேக்கும் பாதி வண்டிக்கும் போயாச்சு. அந்த நிலையில் "வேணாம்டா" என்று சொல்பவன் குரூப்புக்கே எதிரி. பயந்தாங்கொள்ளி என்ற பட்டமும் கிடைக்கும், காசு போனதற்குப் பழியும் அவன் தலையில்தான். அதனால் உள்ளுக்குள் பயந்தவர்கள் நாலு பேர் இருந்தாலும் நாலு பேரும் வாயைத் திறப்பதில்லை.

எனவே கேன்சல் பண்ணும் முடிவைக் காசு வசூலிக்கும் முன்பே எடுத்துவிடுங்கள். போகிற மாவட்டத்துக்கோ வழியில் உள்ள மாவட்டத்துக்கோ கிளம்பும் முந்தின நாள் ஆரஞ்சுக்கு மேல் இருந்தால் டூர் தள்ளிப்போகும், போகிற நஷ்டம் ஆளுக்குச் சமம் என்று குரூப்பில் எழுதி வைங்க. அப்புறம் யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. ஹோம்ஸ்டேக்காரரிடம் ரேட் பேசும்போதே "மழைன்னா தேதி மாத்தித் தருவீங்களாண்ணா?" என்று கேளுங்க. காசைத் திருப்பித் தரத் தயங்குபவர்கள்கூட தேதி மாற்றித் தரச் சம்மதிக்க வாய்ப்பு உண்டு. முடிந்தவரை ரயிலில் போங்க. ரயிலை ரத்து செய்தால் ஆன்லைன் டிக்கெட்டுக்கு முழுப் பணமும் தானாகத் திரும்பி வரும். ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், அது கிளம்பும் முன் விண்ணப்பித்து முழுத் தொகையும் கேட்கலாம். டிக்கெட்டோடு சில பைசாவுக்கு வரும் இன்சூரன்ஸ் விபத்துக்குத்தான், ரத்தான டூருக்கு இல்லை.

டெம்போ டிராவலர் டிரைவர் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை. பின்னால் பதினைந்து பேர் கத்துகிறோம், அவருக்கு அன்றைய பேட்டா அந்தப் பயணத்தில்தான் இருக்கிறது. தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தின் முன் அவர் வண்டியை நிறுத்தினால், "போலாம்ணா, ஒண்ணும் ஆகாது" என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அன்றைய பேட்டாவைக் கொடுத்துடுங்க.

இன்னொன்று, இதை எழுதினால் பலருக்குக் கோபம் வரும். வீட்டில் "புராஜெக்ட் ஒர்க், ஃபிரண்டு ரூம்ல தங்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போவது. ஏன் சொல்கிறோம் என்று புரிகிறது, முக்கியமா பெண்கள் ஏன் சொல்ல வேண்டியிருக்கிறது என்று நல்லாவே புரிகிறது. ஆனா மழையில் டவர் போய், சார்ஜும் தீர்ந்த ராத்திரியில், நீங்க எந்த மலையில் இருக்கீங்கன்னு உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. அம்மா அப்பாகிட்ட சொல்ல முடியலன்னா அக்காவோ ரூம்மேட்டோ யாராவது ஒருத்தர்கிட்ட வண்டி நம்பர், டிரைவர் நம்பர், தங்கும் இடத்தின் பெயர், போகும் வழி நாலையும் அனுப்பிட்டுக் கிளம்புங்க. ராத்திரி பத்து மணிக்குள்ள போன் வரலன்னா அவங்க அழைக்க வேண்டிய மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. வேற மாவட்டத்திலிருந்து அழைத்தால் அந்த ஊர் எஸ்டிடி கோடு முன்னால சேர்க்கணும், அதையும் சேர்த்தே அனுப்பிடுங்க.