கடனும் ஸதகாவும் ஒன்றல்ல



நமது ஊர் குரூப் ஒன்றில் ஒரு சகோதரர் போட்டிருந்தார்: "ஜேர்மனியைப் பாருங்கள், நமீபியாவில் செய்த கொடுமைக்கு மன்னிப்புக் கேட்டு 1.1 பில்லியன் யூரோ கொடுக்கிறது." நிறையப் பேர் லைக் போட்டிருந்தார்கள். வரலாறு படிப்பிக்கிறவன் என்பதால் என்னால் சும்மா கடந்து போக முடியவில்லை.

நடந்தது என்ன? நிலமும் மாடுகளும் பறிபோவதை எதிர்த்து 1904 ஜனவரி 12இல் ஹெரேரோ மக்கள் எழுந்தார்கள். ஆயுதம் வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஹெரேரோக்களைச் சுடும்படி ஜெனரல் வொன் ட்ரோத்தா கட்டளையிட்டான். பாலைவனத்துக்குள் விரட்டி, தாகத்திலேயே சாக விட்டார்கள். நாமா மக்களுக்கும் இதே கதிதான். 1908க்குள் சுமார் 80,000 ஹெரேரோக்களில் 65,000 பேர் வரையும், 20,000 நாமாக்களில் பாதிப் பேரும் அழிந்ததாக மதிப்பிடுகிறார்கள். இறந்தவர்களின் மண்டையோடுகளையும் "ஆராய்ச்சி" என்று பெர்லினுக்கு அனுப்பினார்கள்.

இப்போது அந்த 1.1 பில்லியனுக்கு வருவோம். 2021 மே மாதம் அறிவித்த இந்தத் தொகை 30 வருடங்களுக்கானது. வருடத்துக்குச் சுமார் 37 மில்லியன்தான். அதைவிட முக்கியம், அதற்கு வைத்த பெயர். இழப்பீடு என்ற சொல்லே இல்லை. "மீள்கட்டுமானம், அபிவிருத்தி" என்றார்கள். இனப்படுகொலை என்பதையும் "இன்றைய பார்வையில்" என்ற அடைமொழியோடுதான் ஒப்புக்கொண்டார்கள். ஏன்? இழப்பீடு என்றால் அது சட்டப்படி தீர்க்க வேண்டிய கடன். உதவி என்றால் கொடுப்பவன் வள்ளல், வாங்குபவன் நன்றி சொல்ல வேண்டும்.

கடன்பட்டவன் கடனைத் தீர்க்காமல், கடன் கொடுத்தவனுக்கே ஸதகா நீட்டினால் நாம் ஏற்போமா?

ஜேர்மனிக்கு இழப்பீடு கொடுக்கத் தெரியாதா? 1952இல் இஸ்ரேலுடன் ஒப்பந்தம் செய்து 3 பில்லியன் மார்க் கொடுக்கச் சம்மதித்த நாடு அது. யூதர்களுக்கு நடந்த கொடுமைக்கு அது கொடுக்க வேண்டியதுதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆபிரிக்கனின் உயிருக்கு மட்டும் ஏன் வேறு தராசு?

2024 ஜனவரி 12, அதே தேதி. 120 வருடங்கள் கழித்து, காஸா வழக்கில் சர்வதேச நீதிமன்றத்தில் இஸ்ரேலுக்கு ஆதரவாகத் தலையிடப்போவதாக ஜேர்மனி அறிவித்தது. மறுநாளே நமீபிய ஜனாதிபதி ஹாகே கெய்ங்கோப் அதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். உதவி வாங்கும் நாடு வாய்மூடி இருக்கவில்லை. அடுத்த மாதம் அவர் மரணித்தார். அந்தச் சொல் நிற்கிறது.

வியாபாரத்தையும் பாருங்கள். ஜேர்மனிக்கு இன்று பசுமை ஐதரசன் வேண்டும். லூடெரிட்ஸ் பகுதியின் காற்றும் வெயிலும் வேண்டும். ஆயிரக்கணக்கானோர் செத்த ஷார்க் தீவு முகாம் இருந்ததும் அதே லூடெரிட்ஸில்தான். இன்று அங்கே உல்லாசப் பயணிகள் கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள்.

மன்னிப்புக் கேட்டதே பெரிது என்பீர்கள். மற்றக் காலனித்துவ நாடுகள் பல அந்தளவுக்கும் வரவில்லை, உண்மைதான். ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் தங்களுக்கு உரிய இடம் தரவில்லை என்று ஹெரேரோ, நாமா தலைவர்களே சொல்கிறார்கள். உரியவன் பொருந்திக்கொள்ளாத மன்னிப்பு எப்படி நிறைவேறும்?

அதனால் லைக் போட முன்னர் ஒரு கேள்வி கேளுங்கள்: இது கொடையா, கடனா?

பிழை இருந்தால் திருத்துங்கள். சரியென்று பட்டால் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.