கார்த்திகைக் கிழங்கும் இதயத் தமனியும்

அண்ணாமலையில் தீபம் ஏறும் கார்த்திகையில் வேலியோரம் பூப்பதால் செங்காந்தளுக்குக் கார்த்திகைப் பூ என்றும் பெயர். நம் மாநில மலர். அதன் கிழங்கைத் தின்றவர் வாந்தி பேதியோடு அவசரப் பிரிவுக்கு வருவதும், இரண்டு மூன்று நாளில் ரத்த அணுக்கள் சரிவதும் நம்மில் பலர் பார்த்ததுதான். அந்தக் கிழங்கின் நஞ்சான கோல்ச்சிசினைத்தான் இதயத்தமனி நோயாளிக்குத் தினம் 0.5 மி.கி. கொடுக்கலாமா என்று இன்று கேட்கிறோம்.

கேள்வி நியாயமானதே. கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் தணித்தாலும் மாரடைப்பு குறையும் என்று 2017இல் கேன்டோஸ் ஆய்வு காட்டியது. ஆனால் அதில் கொடுத்த கனகினுமாபின் விலை எட்டாதது. உயிரைப் பறிக்கும் தொற்றுகளும் கூடின. மெத்தோட்ரெக்சேட் பலனே தரவில்லை. மிஞ்சியது கவுட்டுக்குக் கொடுத்துவந்த பழைய, மலிவான மாத்திரை. மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் முதலியவற்றைச் சேர்த்து எண்ணியபோது, 2019இல் கோல்காட் ஆய்வில் அவை 7.1 சதவீதத்திலிருந்து 5.5 ஆயின. நிலையாக உள்ள நோயாளிகளிடம் நடந்த லோடோகோ-2 (2020) ஆய்வில் 9.6 சதவீதம் 6.8 ஆனது. 2023இல் அமெரிக்கா அனுமதியும் கொடுத்தது.

மறு ஆண்டே க்ளியர் சினர்ஜி வந்தது. மாரடைப்பு வந்த கையோடு மருந்தைத் தொடங்கிய இந்த ஆய்வில் 7,062 பேர். இத்தகைய பாதிப்புகள் மருந்து எடுத்தவர்களில் 9.1 சதவீதம், எடுக்காதவர்களில் 9.3. கூடியது வயிற்றுப்போக்குதான்.

லோடோகோ-2இன் வெற்றியிலும் ஒரு சங்கதி உண்டு. முதல் மாதம் எல்லோருக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்து, ஒத்துக்கொள்ளாதவர்களைக் கழித்த பிறகே குலுக்கல் நடந்தது. ஈஜிஎஃப்ஆர் 50க்குக் கீழ் இருந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. நம் வெளிநோயாளிகள் வரிசையிலோ சர்க்கரையும் தளர்ந்த சிறுநீரகமும் சேர்ந்தே வருகின்றன.

திருவண்ணாமலைக்கென்று இன்னொரு சிக்கல். பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த இடத்தில் மாரடைப்பு கண்டவர், சிகிச்சை முடிந்ததும் சொந்த ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார். அங்கே சளிக்குக் கிளாரித்ரோமைசின் எழுதுபவர் நம் சீட்டைப் பார்ப்பார் என்பது நிச்சயமில்லை. இரண்டும் சேர்ந்தால் கோல்ச்சிசின் உடலில் தேங்கும்.

ஆகவே டிஸ்சார்ஜ் சீட்டில் இதை வழக்கமாகச் சேர்ப்பதை நாம் ஆதரிக்கவில்லை. மாதம் தவறாமல் வருபவர், எல்டிஎல் கட்டுக்குள் இருந்தும் மறுபடி நெஞ்சுவலி கண்டவர், சிறுநீரகம் நன்றாக உள்ளவர் என்றால் யோசிக்கலாம். ஸ்டாட்டினைப் பாதியில் விட்டவருக்கு முதலில் ஸ்டாட்டின். கோல்ச்சிசின் என்று எழுதும் கை, அதன் பக்கத்திலேயே அன்றைய கிரியேட்டினினையும் எழுதட்டும்.