பள்ளிக்கூடத்துக் கணக்கு

ஊரில் அம்மையோ காலராவோ பரவினால் பள்ளிக்கூடத்துக்குச் சில நாள் விடுமுறை விடுவது பழைய வழக்கம். பிள்ளைகளுக்கு அதில் அதிக வருத்தம் இருந்ததில்லை. ஆனால் 2020-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் கொரோனாவை முன்னிட்டு மூடிய பள்ளிக்கூடக் கதவுகள், தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு 2021 நவம்பர் முதல் தேதியன்றுதான் திறந்தன. அந்த இடைக்காலத்தில் தனியார் பள்ளிக்கூடங்களை நடத்தியவர்களுக்கு நேர்ந்த சோதனையைப் பற்றி, ஆத்திரம் அடங்கிய பிறகு நிதானமாக யோசிப்பது நலம் என்று கருதுகிறோம்.

கட்டணம் கேட்டுப் பெற்றோரை நிர்ப்பந்திக்கக் கூடாதென்று 2020 ஏப்ரலில் சர்க்கார் உத்தரவிட்டது. நிர்வாகிகள் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். முந்தின வருஷக் கட்டணத்தில் நூற்றுக்கு 40 பங்கை ஆகஸ்டு முடிவதற்குள்ளும், 35 பங்கைப் பள்ளிக்கூடம் திறந்து இரண்டு மாதத்துக்குள்ளும் வாங்கலாமென்று ஜூலை 17-ஆம் தேதி கோர்ட்டு தீர்ப்பளித்தது. மறு வருஷம் மே 3-ஆம் தேதி, ராஜஸ்தான் வழக்கொன்றில், மூடிய கட்டிடத்துக்குச் செலவு குறைவுதானே என்று கண்டு, கட்டணத்தில் நூற்றுக்கு 15 குறைக்கச் சொன்னது ஸுப்ரீம் கோர்ட்டு. பாக்கிக்காக எந்தக் குழந்தையின் படிப்பையும் நிறுத்தக் கூடாதென்றும் சொல்லிற்று.

தீர்ப்புகள் நியாயமானவையே. பிள்ளைகளின் கட்டணத்தைத் தீர்மானிக்க ஸுப்ரீம் கோர்ட்டு வரையில் போக வேண்டியிருந்ததே, அதுதான் நம் வருத்தம்.

காரணம் அவநம்பிக்கை. பிள்ளை கட்டுவதையும் சம்பளம் என்கிறோம். உபாத்தியாயர் வாங்குவதையும் சம்பளம் என்கிறோம். முன்னது பின்னதாகப் போய்ச் சேர வேண்டும் என்பதே அதன் பொருள் போலும். "உபாத்தியாயர்களுக்குக் கொடுக்க வேண்டாமா?" என்று கேட்டுத்தான் நிர்வாகிகள் கட்டணம் கோரினார்கள். ஆயினும் சொந்த டெலிபோனை வைத்துக்கொண்டு வீட்டு மூலையிலிருந்து பாடம் நடத்திய உபாத்தியாயர்கள் பலருக்கு அவ்வருஷம் பாதிச் சம்பளமே கிடைத்தது. சிலருக்கு வேலையே போயிற்று. நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டிய பெற்றோர், "பணம் எங்கே போயிற்று?" என்று கேட்டால் அது குற்றமாகாது.

2009-ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டம், சர்க்கார் பள்ளிக்கூடங்களுக்குப் பெற்றோர் நான்கில் மூன்று பங்கு வகிக்கும் நிர்வாகக் குழுவை விதித்திருக்கிறது. சர்க்கார் உதவி பெறாத தனியார் பள்ளிக்கூடங்களுக்கு அந்த விதி இல்லை. சட்டம் வரட்டும் என்று காத்திருப்பானேன்? உபாத்தியாயர்கள், பெற்றோர்கள், உள்ளூர் வைத்தியர் ஒருவர் அடங்கிய சிறு குழுவை ஒவ்வொரு பள்ளிக்கூடமும் தானே அமைக்கலாம். வருஷந்தோறும் வரவு செலவை அதன் முன் வைக்கலாம். மூன்று மாதச் சம்பளத்துக்கான தொகையைத் தொடாமல் ஒதுக்கலாம்.

பெற்றோர் தலையிட்டால் கட்டுப்பாடு கெடும் என்பார்கள். பாடம் நடத்துவதில் தலைமை உபாத்தியாயர் சொல்லே செல்லட்டும். கணக்கு மட்டும் எல்லோருக்கும் தெரியட்டும். "விடையை மட்டும் எழுதினால் போதாது, வழியையும் காட்டு" என்றுதானே கணக்கு வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள்? அந்த விதியை நிர்வாகிகளும் கைக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக் கொள்கிறோம்.