படம் யாரிடம் போய்ச் சேர்கிறது?

ஆசிரியர் உரை

தோட்டத்தில் படம் பிடிப்பவர்களுக்குக் காலைக் கொழுந்து நிறுக்கும் நேரத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பனி விலகியிருக்கும், வெயில் இன்னும் கடுமையாகியிருக்காது. சுமையை இறக்கியதும் கழுத்து நிமிரும். நெற்றியில் பதிந்த கயிற்றுத் தடத்தைக் கை தானாகத் தடவும். எல்லார் கண்ணும் தராசில் இருக்கும். சில வருடங்களுக்கு முன் ராகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு எட்ட நின்று நீண்ட லென்சால் ஒன்றரை மணி நேரம் படமெடுத்தேன். என்னை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்து உதறிவிட்டு ஓர் அக்கா நேரே என்னிடம் வந்தார்.

“இம்புட்டு நேரமா புடிக்கிறீங்களே தம்பி, இதெல்லாம் எங்க போவுது? நாங்க எப்ப பாக்கிறது?”

என்னிடம் பதில் இருக்கவில்லை. இந்தக் கேண்டிட் சிறப்பிதழுக்கு வந்த படங்களை மேசையில் பரப்பி வைத்திருக்கும்போதும் அவர் கேள்விதான் காதில் நிற்கிறது.

‘கேண்டிட்’ என்பதற்கு, எடுக்கப்படுபவருக்குத் தெரியாமல் எடுப்பது என்றே நம்மில் பலர் பொருள் கொள்கிறோம். அந்தச் சொல் யாரை நோக்கிப் பிறந்தது என்பதை மறந்துவிட்டோம். ஜெர்மனியின் எரிக் சாலமன் 1928இல் தொப்பிக்குள் எர்மனொக்ஸ் கெமராவை ஒளித்துவைத்து நீதிமன்றத்துக்குள் படமெடுத்தார். பிறகு மந்திரிகளும் ராஜதந்திரிகளும் கூடிய மாநாடுகளுக்குள் நுழைந்தார். நள்ளிரவுப் பேச்சுவார்த்தையில் கொட்டாவி விடும் பெரிய மனிதர்களை உலகம் அவர் படங்களில்தான் கண்டது. அவருடைய படங்களைக் குறிக்கத்தான் லண்டன் பத்திரிகையுலகம் இந்தச் சொல்லைப் பரப்பியது. படம் எடுக்காதே என்று உத்தரவு போடக்கூடியவர்களை நோக்கி நீட்டப்பட்ட கெமரா அது. நாமோ, வேலை நேரத்தில் மலையை விட்டு நகர முடியாதவரை நோக்கி அதே கெமராவை நீட்டுகிறோம். பெயர் ஒன்றுதான், செயல் வேறு.

நம் மலைகளுக்கு இது புதிதல்ல. கல்கத்தாவில் பிறந்த ஆங்கிலப் படக்கலைஞர் ஜூலியா மார்கரட் கெமரன் 1875இல் இலங்கைக்குக் குடிவந்தார். 1879 ஜனவரி 26ஆம் திகதி டிக்கோயாவின் கிளென்கேர்ன் தோட்டத்தில் இறந்து, பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் அடக்கமானார். உணர்ச்சியைப் படத்தில் கொண்டுவருவதில் அவரை மிஞ்சியவர் அக்காலத்தில் குறைவு. ஈரத் தட்டின் முன் நிமிடக்கணக்கில் அசையாமல் இருப்பவரின் மெல்லிய மூச்சசைவையே அவர் அழகாக்கினார். இங்கிலாந்தில் அவர் எடுத்த முகங்களுக்கு டெனிசன், டார்வின், ஹெர்ஷல் என்று பெயருண்டு. இலங்கையில் எடுத்தவற்றில் இன்று முப்பதுக்கும் குறைவான படங்களே எஞ்சியுள்ளன. அவற்றில் இருக்கும் தமிழரும் சிங்களவரும் பெரும்பாலும் ‘களுத்துறைக் குடியானவர்கள்’ என்பது போன்ற தலைப்புக்குள் அடங்கிப்போனார்கள். பின்னர் வந்த அஞ்சலட்டைக் காலத்தில் ‘கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்’ கப்பலேறி ஊர் ஊராகப் போனாள். அவளுடைய காம்பிராச் சுவருக்கு அந்த அட்டை வந்ததாகத் தெரியவில்லை.

சரி, அந்தச் சுவரில் என்ன இருந்தது? ஸ்டுடியோப் படம் இருந்தது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. கடவுச்சீட்டுக்குப் படம் தேவைப்பட்டது. பிரிவதற்கு முன் எல்லாரும் சேர்ந்து நிற்கவும் ஒரு படம் தேவைப்பட்டது. தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலை மலையகம் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றது. அதில் ஏறியவர்கள் ஒரு பிரதியை டிரங்குப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனார்கள், இன்னொன்று லயத்தில் தங்கியது. இன்று கூடலூரிலோ கோத்தகிரியிலோ ஒரு வீட்டிலும், ராகலையில் ஒரு காம்பிராவிலும் அதே படம் தொங்கக்கூடும்.

அந்தப் படங்களை ‘விறைத்து நிற்கிறார்கள்’ என்று நாம் எளிதாகத் தள்ளிவிடுகிறோம். பொறுமையாகப் பாருங்கள். இரவல் கோட்டின் கை மணிக்கட்டைத் தாண்டி நீண்டிருக்கும். அண்ணனின் விரல்கள் தம்பியின் தோளை அளவுக்கு மீறி அழுத்தியிருக்கும். ஓரத்தில் நிற்கும் குழந்தை மட்டும் கெமராவை விட்டு அம்மாவைப் பார்க்கும். போஸ் கொடுத்த படத்துக்குள்ளேயே உண்மை கசிந்திருக்கிறது. கலியாண வீட்டில் “கேண்டிட்டா சிரிங்க” என்று மாப்பிள்ளைக்குச் சொல்லி எடுக்கிற படத்தில் அது கிடைப்பதில்லை. படத்திலிருப்பவருக்குத் தெரிந்ததா இல்லையா என்பதில் இயல்பு தங்கியிருக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இனி, வந்த படங்களைப் பற்றி. தொழிலில் உள்ளவர்களோடு பேசுவதால் நேரடியாகவே சொல்கிறேன். முதலாவது, பாதிக்கு மேல் 200 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட லென்சால் எடுத்தவை. முகம் கூர்மையாக இருக்கிறது, உறவு இல்லை. 35 அல்லது 50 மில்லிமீட்டரோடு போனால் பேசாமல் படமெடுக்க முடியாது. அதுதான் அந்த லென்சுகளின் பெரிய வசதி. முதல் நாள் எல்லாரும் கெமராவைப் பார்ப்பார்கள், மூன்றாம் நாள் சலித்துவிடும். படம் அந்தச் சலிப்பில் தொடங்குகிறது. காமன் கூத்துக்கு வேஷம் கட்டும் இடத்தில் இரண்டு இரவு சும்மா உட்கார்ந்திருந்தவருக்கு மூன்றாம் இரவில் கிடைப்பது, வாசலில் நின்று ஃபிளாஷ் அடித்தவருக்குக் கிடைக்காது.

இரண்டாவது, ஏக்கத்தை நிறத்தில் தேடுவது. நேற்று எடுத்த படத்தைச் செம்பழுப்பாக்கினால் அது பழையதாகுமே தவிர நினைவாகாது. இருபது வருடம் கழித்து ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வது எதைப் பார்த்து? பீலியடியில் வரிசையாக வைத்த பிளாஸ்டிக் வாளிகளின் நிறத்தைப் பார்த்து. கூரைத் தகரத்தில் வைத்த கல்லைப் பார்த்து. பிள்ளைக் காம்பிராவின் கதவில் தேய்ந்துபோன பச்சையைப் பார்த்து. அந்த நிறங்களை அழித்துவிட்டு ஏக்கத்தை எதில் ஏற்றப்போகிறோம்?

மூன்றாவது, குறிப்பில்லாமை. ‘மலையகப் பெண், சிரிப்பு’ என்று தலைப்பிட்டு அனுப்பியிருக்கிறார்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய களுத்துறைத் தலைப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பெயர், தோட்டம், டிவிஷன், திகதி ஆகியவற்றைப் படத்தின் பின்னால் எழுதுங்கள். பெயரை வெளியிட வேண்டாம் என்றால் வெளியிட வேண்டாம். எழுதி வைப்பது வேறு, வெளியிடுவது வேறு. இரண்டு பிரதி போடுங்கள், ஒன்று அவர்களுக்கு, ஒன்று பத்திரத்துக்கு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயங்களோடு அவற்றின் சுவர்களும் போயின. இந்த மலைகளில் ஒரே பிரதி என்பது இல்லாததற்குச் சமம். கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில், பழைய லயக் காம்பிராக்களுக்குள்ளேயே அமைந்த தேயிலைத் தொழிலாளர் நூதனசாலையை ஒருமுறை போய்ப் பாருங்கள். சாதாரணப் பொருள் எப்படி ஆவணமாகிறது என்பது புரியும்.

கடைசியாக, அந்த அக்காவின் கேள்விக்கு வருகிறேன். இரண்டு மாதம் கழித்து இருபது படங்களை அச்சிட்டு எடுத்துக்கொண்டு போனேன். மேலே வைத்திருந்தது என் பெருமைக்குரிய படம்: நெற்றியைத் தடவும் கை, கண்ணில் வெளிச்சம், பின்னணி வெண்ணெயாய்க் கரைந்திருந்தது. அவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கீழே வைத்தார். அடியில், எண்ணிக்கைக்காகச் சேர்த்திருந்த ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதில் அவர் பாதிதான் இருந்தார். பின்னால், மடுவத்துப் படியில், மடியில் பிள்ளையோடு ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார்.

“எங்க மாமி. போன மாசந்தான் தவறிப் போனாங்க. ஐசி படத்துல மூஞ்சி கடுகடுன்னு இருக்கும். இதுல சிரிக்கிறாங்க, இல்ல தம்பி?”

சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. எஃப்/2.8இல் எடுத்திருந்தேன், முகம் கலங்கியிருந்தது. ஆமாம் அக்கா என்றேன். தோட்டத்துக்குள் போனால் இப்போதெல்லாம் நான் எஃப்/8ஐ விட்டு இறங்குவதில்லை.