ரீல்ஸ் எடுத்தது நீங்க... ஓனர் யாரு? ஆவடி, அம்பத்தூர் கிரியேட்டர்கள் தெரிஞ்சிக்க வேண்டியவை!

அம்பத்தூரில் ஜவுளிக்கடை திறப்பு, ஆவடியில் பிரியாணி ரிவ்யூ, பூந்தமல்லியில் மெட்ரோ அப்டேட். கையில் ஒரு போன் இருந்தால் போதும், சென்னையின் மேற்குப் புறநகரில் யாரும் கிரியேட்டர் ஆகலாம். ஆனால் எடுத்த வீடியோவுக்கு யார் சொந்தக்காரர், அதை வச்சு எவ்வளவு நாள் சம்பாதிக்க முடியும் என்ற கேள்விகளைப் பலரும் பிரச்னை வந்த பிறகுதான் கேட்கிறார்கள்.

ஃபாலோயர்ஸ் உங்க சொத்தா?

இல்லை. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது. லட்சக்கணக்கில் ஃபாலோயர்ஸ் வைத்திருந்த தமிழ் கிரியேட்டர்கள் அடுத்த சில நாட்களில் பூஜ்யத்தில் இருந்து தொடங்க வேண்டியதானது. ஒரே ஆப்பை நம்புவது வாடகை வீட்டுக்கு டைல்ஸ் போடுவது மாதிரிதான்.

யூடியூப் எவ்வளவு தருது?

முழு விளம்பர வருமானம் பெற 1,000 சப்ஸ்கிரைபர்கள் வேண்டும். அதோடு 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை, அல்லது 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் வியூஸ் தேவை. நீள வீடியோக்களின் விளம்பர வருமானத்தில் 55% கிரியேட்டருக்கு. ஷார்ட்ஸில், அவர்களுக்கெனக் கணக்கிடப்படும் தொகையில் 45%தான்.

புதுக்கோட்டையின் வில்லேஜ் குக்கிங் சேனல் 2021-ல் ஒரு கோடி சப்ஸ்கிரைபர்களைத் தொட்டது. ஆனால் எல்லோருக்கும் அப்படி அமையாது. அதனால்தான் லோக்கல் கிரியேட்டர்கள் கடை புரொமோஷனை நம்புகிறார்கள். சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்குது.

காசு வாங்கி எடுத்தா?

1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, நீங்களே யோசித்து, நீங்களே எடுத்த வீடியோவுக்கு நீங்கள்தான் உரிமையாளர். பதிவு செய்வதும் கட்டாயமில்லை. ஆனால் சட்டப்பிரிவு 17 வேறொன்றும் சொல்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்குக் காசும் கொடுத்து எடுக்கப்படும் போட்டோ, வீடியோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர்!

அதாவது ஒரு கடை 5,000 ரூபாய் கொடுத்து ரீல்ஸ் எடுக்கச் சொல்கிறது. எழுத்தில் எதுவும் இல்லை. நாளைக்கே அதே வீடியோவை அந்தக் கடை கேபிள் டிவி விளம்பரமாகப் போட்டால், கூடுதல் பணம் கேட்பது கஷ்டம்.

உரிமை உங்களிடம் இருந்து, அதை விற்கிறீர்கள் என்றால் பிரிவு 19 கைகொடுக்கும். உரிமை மாற்றம் கையெழுத்திட்ட எழுத்து வடிவில்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் மட்டும். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். 'எல்லா உரிமையும், என்றென்றைக்கும்' என்று இருக்கும் பேப்பரில் கையெழுத்துப் போட்டால் இந்தப் பாதுகாப்பும் போச்சு.

ஸ்ட்ரைக் வந்தா?

யூடியூபில் 90 நாட்களுக்குள் 3 காப்புரிமை ஸ்ட்ரைக் வந்தால் சேனலே நீக்கப்படலாம். 2025 மே மாதம், சில நொடிக் காட்சிகளுக்காக ஏஎன்ஐ நிறுவனம் ஸ்ட்ரைக் கொடுத்து லட்சக்கணக்கில் பணம் கேட்டதாக யூடியூபர் மோஹக் மங்கல் குற்றம்சாட்டினார். தங்கள் உரிமையைச் சட்டப்படி காப்பதாக ஏஎன்ஐ கூறியது. விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை சென்றது.

விமர்சனம், செய்திக்காக நியாயமான அளவில் பிறர் காட்சியைப் பயன்படுத்த பிரிவு 52 அனுமதிக்கிறது. ஆனால் 'இத்தனை நொடி வரை ஓகே' என்று சட்டத்தில் எந்தக் கணக்கும் இல்லை. ஸ்ட்ரைக் தவறு என்றால் எதிர் அறிவிப்பு அனுப்பலாம். புகார் கொடுத்தவர் 10 வேலை நாட்களுக்குள் சட்ட நடவடிக்கை எடுத்ததற்கு ஆதாரம் காட்டாவிட்டால் வீடியோ திரும்ப வரும்.

சரி, என்ன செய்யணும்?

* புரொமோஷன் ஒப்புக்கொள்ளும் முன், வீடியோ யாருக்குச் சொந்தம், எங்கே, எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என எழுதி, இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்.

* எடிட் செய்யாத ஒரிஜினல் ஃபைல்களை ஹார்டு டிஸ்கில் வையுங்கள். எடுத்தது நீங்கள்தான் என்பதற்கு அதுவே சாட்சி.

* சேனல் பெயரை டிரேட்மார்க் பதிவு செய்யலாம். தனிநபருக்கு ஆன்லைன் கட்டணம் ஒரு பிரிவுக்கு ரூ.4,500. பதிவு அலுவலகம் கிண்டியிலேயே இருக்கிறது.

* ஆண்டு வரவு ரூ.20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு தேவை.

வியூஸ் இன்னைக்கு வரும், நாளைக்குக் குறையும். பழைய வீடியோவிலிருந்தும் காசு வரணும்னா, அது உங்க பேரில் இருக்கணும். அதை ஷூட்டிங்குக்கு முன்னாடியே பேசி முடிப்பதுதான் நல்லது.